முத்திரை 1838, மூடியில் வெட்டிய எழுத்து 1836: இந்த வெள்ளி மூக்குப்பொடி டப்பாவை நம்பலாமா?

பிப்ரவரி 3, மாலை (கேள்வி)

பர்மிங்காமில் செய்த வெள்ளி மூக்குப்பொடி டப்பா ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. நீள்சதுரம். நீளம் 7.4 செ.மீ., அகலம் 4.3, உயரம் 1.8. எடை 81.3 கிராம். மூடியிலும் அடியிலும் என்ஜின் டர்னிங் வரிகள் (எந்திரத்தில் வெட்டிய சீரான கோலம்). மூடியின் நடுவில் வழுவழுப்பான சட்டம், அதற்குள் மூன்று வரி அன்பளிப்பு வாசகம். கடைசி வரியில் 1836. உள்ளே ஐந்து முத்திரைகள்: என்.எம்., நங்கூரம், நடக்கும் சிங்கம், தலை, கோதிக் எழுத்தில் 'பி' (P). ஆண்டுக்கு ஓர் எழுத்து என்ற அட்டவணைப்படி 'பி' 1838. ஹால்மார்க் தெளிவாக இருந்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் டப்பா பிறப்பதற்கு 2 ஆண்டு முன்பே அதில் எப்படிப் பெயர் வெட்டியிருப்பார்கள்? போலியா?

பிப்ரவரி 3, இரவு (பதில்)

போலி என்று அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன். "ஹால்மார்க் தெளிவாக இருந்தால் போதும்" என்ற வரியைத்தான் மறுக்கிறேன். முத்திரை சொல்வது முக்கியமாக இரண்டு விஷயம்: உலோகத்தின் மாற்று (தூய்மை அளவு), அது சோதனைக்குப் போன ஆண்டு. அதற்குப் பிறகு இத்தனை காலத்தில் அந்த மூடியை யார் சுரண்டினார்கள், யார் எதை வெட்டினார்கள் என்பது முத்திரைக்குத் தெரியாது.

முதலில் ஒன்று பாருங்கள். அந்தத் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது?

பிப்ரவரி 4, காலை

ஏன் தலையைக் கேட்டேன் என்றால், 1784 டிசம்பரிலிருந்து 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக ஆட்சியாளரின் தலையை அடித்தார்கள். 1830களின் டப்பாவில் அது நல்ல சாட்சி. நான்காம் வில்லியம் வலப்பக்கம் பார்ப்பார், விக்டோரியா இடப்பக்கம். வில்லியம் இறந்தது 1837 ஜூனில். அதற்காக எல்லாச் சோதனைச் சாலைகளிலும் (வெள்ளியின் மாற்றைச் சோதித்து முத்திரை அடிக்கும் இடங்கள்) மறுநாளே அச்சு மாறிவிடவில்லை. வலப்பக்கத் தலை இருந்தால் 1838 அடியோடு தப்பு என்று முடிவு கட்ட முடியாது. இடப்பக்கத் தலை இருந்தால் 1836 நிச்சயம் இல்லை. ஒரு பக்கமாக மட்டும் தீர்ப்புச் சொல்லும் சாட்சி இது.

மற்ற முத்திரைகள்: நங்கூரம் பர்மிங்காம் சோதனைச் சாலையுடையது. 1773இல் பர்மிங்காமுக்கும் ஷெஃபீல்டுக்கும் சேர்த்தே சட்டம் வந்தது, ஷெஃபீல்டுக்குக் கிரீடம். லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. 1821 வரை அதற்குக் கிரீடம் உண்டு, பிறகு இல்லை. நடக்கும் சிங்கம் ஸ்டெர்லிங், ஆயிரத்துக்கு 925. என்.எம். என்பது நத்தானியேல் மில்ஸ். பர்மிங்காம் சிறு டப்பாக்களில் அதிகம் தேடப்படும் பெயர். அதனாலேயே அதிகம் சந்தேகிக்க வேண்டிய பெயரும் கூட. ஜோசப் வில்மோர், டெய்லர் அண்ட் பெர்ரி, எட்வர்ட் ஸ்மித் டப்பாக்களைவிட மில்ஸ் டப்பாவைத் திருத்தி விற்பதில் லாபம் அதிகம்.

பிப்ரவரி 4, மதியம் (திருத்தம்)

காலையில் '1838' என்று எழுதியது முழுச் சரியில்லை. ஆண்டு எழுத்து ஜனவரியில் மாறியதில்லை. பர்மிங்காமில் ஜூலையில் மாறியது, லண்டனில் மே கடைசியில். எல்லா இடத்திலும் ஜனவரி 1 என்று ஒழுங்கானது 1975இல்தான். ஆகவே கோதிக் 'பி' என்றால் 1838 ஜூலையிலிருந்து 1839 ஜூன் வரை. பழைய டப்பாவில் ஓராண்டு முன்பின் இருந்தால் அதை வைத்து வழக்குப் போடக் கூடாது. உங்களுடையது ஓராண்டைத் தாண்டுகிறது. அதனால் கேள்வி அப்படியே நிற்கிறது.

இன்னொன்று. பர்மிங்காமில் கோதிக் பெரிய எழுத்து வரிசை 1824இல் 'ஏ'யில் தொடங்கி 1848இல் 'இசட்'டில் முடிகிறது, 25 எழுத்து. தேய்ந்த கோதிக் எழுத்துகள் கண்ணை ஏமாற்றும். 'ஓ'வும் 'கியூ'வும், 'என்'னும் 'ஆர்'உம் அடிக்கடி இடம் மாறும். உங்கள் 'பி'க்குக் கீழே கால் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று 10 மடங்கு லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒரு தரம் பாருங்கள். எழுத்தோடு அதைச் சுற்றிய கேடய வடிவத்தையும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எழுத்து ஏமாற்றும் இடத்தில் கேடயம் காட்டிக் கொடுக்கும்.

பிப்ரவரி 5 (கேட்டவர்)

தலை இடப்பக்கம். எழுத்து 'பி'யேதான், கேடயமும் ஒத்துப்போகிறது. ஐந்து முத்திரைகளும் அடித்தட்டின் உட்பக்கம். மூடியின் உட்பக்கம் மூன்றுதான்: என்.எம்., சிங்கம், 'பி'. இரண்டு முத்திரை குறைவது கோளாறா?

பிப்ரவரி 5, இரவு

கோளாறு இல்லை, நல்ல செய்தி. முழு முத்திரை ஒரு பாகத்திலும், சுருக்கமான முத்திரை கழற்றக்கூடிய அல்லது தனியாகச் செய்த மற்ற பாகத்திலும் அடிப்பது வழக்கம். மூடியில் ஒன்றுமே இல்லாவிட்டாலோ, மூடியில் வேறு ஆண்டு எழுத்து இருந்தாலோதான் பயப்பட வேண்டும். அது இரண்டு டப்பாவைச் சேர்த்துக் கட்டிய கல்யாணம். உங்களுடையதில் மூடியும் அடியும் ஒரே பட்டறையில், ஒரே ஆண்டில் பிறந்தவை.

வார்ப்பில் எடுத்த கள்ள முத்திரை இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அசல் முத்திரை எஃகு அச்சால் அடித்தது. ஓரம் கூர்மையாக இருக்கும், அடித்த இடத்தில் உலோகம் லேசாகப் பிதுங்கியிருக்கும். பெரும்பாலும் தனித்தனி அடி என்பதால் ஒன்று சற்றுச் சாய்ந்தும் ஒன்று ஆழமாகவும் விழுந்திருக்கும். அசல் டப்பாவை அச்செடுத்து வார்த்தால் ஓரம் மழுங்கும், எழுத்தின் பள்ளத்தில் ஊசிமுனை அளவு குமிழ்க் குழிகள் தெரியும். ஒரே தொகுப்பாக விற்கும் இரண்டு டப்பாவில் முத்திரைகளின் இடைவெளியும் சாய்வும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் இரண்டையும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பிப்ரவரி 6

இனி 1836க்கு வருவோம். முத்திரைக்கு முந்தைய தேதி மூடியில் இருக்க மூன்று வழி உண்டு.

நேர்மையான வழி: நிகழ்ச்சி நடந்தது 1836இல், பரிசு கொடுத்தது 1838இல். ஒரு சேவையைத் தொடங்கிய ஆண்டையோ, ஒரு வெற்றியின் ஆண்டையோ வெட்டுவது சகஜம். வாசகத்தில் 'கொடுக்கப்பட்டது' என்ற வினையோடு தேதி சேர்ந்து நிற்கிறதா, நிகழ்ச்சியோடு நிற்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

இரண்டாவது: மூடி வேறு, உடல் வேறு. இது நேற்றோடு தள்ளுபடி.

மூன்றாவது: முதலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சுரண்டி, தேய்த்து, மெருகேற்றி, மேலே புதிதாக வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே நடந்திருக்கலாம், போன ஆண்டும் நடந்திருக்கலாம்.

முதலாவதையும் மூன்றாவதையும் பிரிப்பதற்குத்தான் உளி வேலையைப் படிக்கத் தெரிய வேண்டும். அது நீளமான விஷயம், தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 8

வெள்ளியில் கோடு விழும் வழிகள். லூப் 10 மடங்கு போதும், 20 வேண்டாம். பார்வைப் பரப்பு குறைந்து காடு தெரியாமல் மரம்தான் தெரியும். விளக்கை மேலே பிடிக்காதீர்கள். மேசை மட்டத்திலிருந்து 15, 20 பாகை சாய்வாக ஒளி விழட்டும். டப்பாவை மெதுவாகச் சுழற்றுங்கள்.

உளி வெட்டு: கிரேவர் உளி உலோகத்தைச் செதுக்கி வெளியே எடுக்கிறது. கோட்டின் குறுக்குவெட்டு கூரான பள்ளம். நுழையும் இடம் மெல்லியது, நடுவில் பருக்கும், வெளியேறும் இடத்தில் மீண்டும் இளைக்கும். வளைவில் உளி திரும்பிய இடம் தெரியும். மூடியின் உட்புறத்தில் எதுவும் தெரியாது.

தட்டுளி வேலை: உலோகத்தை எடுப்பதில்லை, மழுங்கிய உளியை வைத்துச் சுத்தியால் தட்டி ஒதுக்குகிறது. கோட்டின் ஓரம் உருண்டிருக்கும், கோட்டுக்குள் சின்னச் சின்னப் படிகள். மூடியைத் திருப்பினால் உட்புறத்தில் அதே கோலம் ஆவி போலத் தெரியும். வெட்டு வேலை என்று விற்கும் 18ஆம் நூற்றாண்டு டப்பாக்களில் கணிசமானவை உண்மையில் தட்டுளி வேலை. இதில் மட்டம் உயர்வு ஒன்றுமில்லை. பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பிரைட் கட்: 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செழித்தது. மெருகேற்றிய உளியைச் சாய்த்து வெட்டுவதால் ஒவ்வொரு வெட்டும் ஒரு சிறு கண்ணாடி. முதலில் தேய்வதும் இதுதான். மினுக்கம் மிச்சமிருக்கும் பிரைட் கட் டப்பாவை ஒரு கோடு குறையாமல் காப்பாற்ற வேண்டும். பாலிஷ் போடுகிறவர் கையில் கொடுக்கவே கூடாது.

என்ஜின் டர்னிங்: ரோஸ் என்ஜின் என்ற கடைசல் எந்திரத்திலோ, நேர்கோட்டு எந்திரத்திலோ வெட்டியது. அலை, பார்லி தானியம், கூடைப் பின்னல் போன்ற வடிவங்கள் கொஞ்சமும் பிசகாமல் திரும்பத் திரும்ப வரும். கையால் வெட்டிய எந்தக் கோடும் இவ்வளவு ஒழுங்காக இராது.

அச்சில் அடித்தது: 1830களில் புகழ்பெற்ற கோட்டை மூடிகளில் (மூடியில் கோட்டை, மாளிகைக் காட்சி) புடைத்து நிற்பவை இப்படி வந்தவை. விளிம்புகள் மென்மையாக இருக்கும். மேலே உளியால் நுணுக்கம் சேர்த்திருப்பார்கள். பின்பக்கக் குழிவை மறைக்க உள்ளே இன்னொரு தகடு இருக்கலாம்.

லேசர்: கோட்டின் அகலம் கடைசிவரை ஒரே அளவு. அடித்தளம் மணல்மணலாக, சில இடத்தில் கருகி இருக்கும். அமில அரிப்பு என்றால் அடி தட்டையாக இருக்கும். 1838 டப்பாவில் லேசரைப் பார்த்தால் பேச்சே வேண்டாம், அமில அரிப்பைப் பார்த்தால் சந்தேகியுங்கள்.

பிப்ரவரி 8, பின்னிரவு

முக்கியமானதை விட்டுவிட்டேன். கோடு எப்படி வெட்டப்பட்டது என்பதைவிடக் கோட்டுக்கும் கீறலுக்கும் எது மூத்தது என்று பாருங்கள். நூறாண்டுக்கு மேல் சட்டைப்பையில் கிடந்த டப்பாவில் மேற்பரப்பு முழுக்க மெல்லிய கீறல்கள் இருக்கும். வெட்டு மூத்ததென்றால் கீறல் கோட்டின் கரையை உரசி, கரையை மழுக்கிக்கொண்டு போகும். வெட்டு இளையதென்றால் கீறல் கோட்டின் இந்தக் கரையில் சட்டென்று நின்று அந்தக் கரையில் தொடரும், கரையோ கத்திபோல நிற்கும். விரல் நுனியை எழுத்தின் மேல் மெதுவாக ஓட்டினால் புது வெட்டு தோலைப் பிடிக்கும்.

அதோடு, டப்பாவின் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். அடித்தட்டின் நான்கு மூலை, திறக்கும் உதடு, கீலின் இரு முனை, என்ஜின் வரிகளின் முகடு: இவைதான் முதலில் தேயும். இவை மழுங்கியிருக்கும்போது நடுவில் எழுத்து மட்டும் நேற்று வெட்டியதுபோல் இருந்தால் அது நேற்று வெட்டியதுதான், அல்லது டப்பா தேய்ந்த பிறகு வெட்டியது.

பிப்ரவரி 9

பெயரைச் சுரண்டிய சட்டத்தைக் கண்டுபிடிக்க:

பெயர்ச்சட்டம் என்பது என்ஜின் வரி படாமல் விட்டுவைத்த பழைய தகட்டு மட்டம். ஆகவே பிறந்தபோது அது வரிகளின் முகட்டோடு சமமாக இருக்கும். ஒரு எஃகு அளவுகோலின் ஓரத்தை மூடியின் குறுக்கே நிறுத்தி, பின்னாலிருந்து விளக்குப் பிடியுங்கள் (கீறாமல் இருக்க அடியில் மெல்லிய காகிதம்). சட்டத்தின் நடுவில் பிறை போல ஒளி கசிந்தால் அங்கே உலோகம் போயிருக்கிறது. சட்டத்தை ஒட்டிய முதல் ஒன்றிரண்டு வரிகள் மற்றவற்றைவிட இளைத்திருந்தால் மெருகுச் சக்கரம் எல்லை தாண்டியிருக்கிறது.

பிறகு கனம். சாதாரண வெர்னியர் மூடியின் விளிம்பைத் தாண்டி உள்ளே எட்டாது. நீண்ட கழுத்துள்ள டயல் கேஜ் வேண்டும், முனையில் பிளாஸ்டிக் உறை மாட்டியது. மூடியில் ஒன்பது இடத்தில் அளந்து காகிதத்தில் கட்டம் போட்டு எழுதுங்கள். என்ஜின் வரியில் அளக்கும்போது முனை முகட்டில் நிற்கிறதா, பள்ளத்திலா என்று கவனியுங்கள். முகட்டு அளவைத்தான் ஒப்பிட வேண்டும். ஓரத்துக்கும் நடுவுக்கும் பத்தில் ஒரு பங்கு வேறுபாடு கைவேலையில் இயல்பு. மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் சுரண்டியிருக்கிறார்கள். கட்டை விரலால் நடுவை அழுத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மெலிந்த மூடியில் அது நிரந்தரக் குழியில் போய் முடியும், வேண்டாம்.

கடைசியாக மூச்சு. மூடியின் மேல் ஊதி ஆவி படிய விடுங்கள். ஆவி விலகும் அந்த மூன்று நொடியில் பற்றாசு (உலோக ஒட்டு) போட்ட கோடுகள் வேறு நிறமாகத் தெரியும்.

பிப்ரவரி 9, மாலை (திருத்தம்)

மூச்சுச் சோதனை சுரண்டலைக் காட்டாது. தகடு வைத்து ஒட்டியதைத்தான் காட்டும். சுரண்டிய இடத்தில் ஒட்டு இல்லையே, ஆவிக்கு என்ன தெரியும்? பழைய சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு பொருத்தியிருந்தால் மட்டுமே அது பயன்படும். காலையில் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியது தவறு.

சுரண்டிய இடத்தில் வேறொரு தடயம் கிடைக்கும். ஸ்டெர்லிங்கைச் சூடாக்கும்போது மேல்தோலுக்கு அடியில் செம்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஊதா கலந்த சாம்பல் கறை படியும். பட்டறையில் மேலே மெல்லிய தூய வெள்ளித் தோல் மூடியிருக்கும். தோலை உரித்தால் அந்தக் கறை தீவுதீவாக வெளியே வரும். வெள்ளைக் காகிதத்தைப் பிரதிபலிக்கவிட்டுப் பாருங்கள், நேரடி விளக்கில் தெரியாது. கறை மூடி முழுக்க இருந்தால் பொதுவான தேய்மானம். சட்டத்துக்குள் மட்டும் இருந்தால் அங்கே மட்டும் தோல் உரிந்திருக்கிறது.

பிப்ரவரி 11

கீல். வாங்குகிறவர்கள் மூடியையே பார்த்துக்கொண்டிருக்கும்போது டப்பாவின் மதிப்பு போவது இந்த இடத்தில்தான்.

நல்ல பொடி டப்பாவின் கீல் வெளியே துருத்தாது. மூடியும் உடலும் சேரும் மூலையில் பதிந்திருக்கும். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி டப்பாக்களில் கீல் உடலைவிட்டுத் தள்ளி நிற்கும். அது குறையில்லை, காலத்தின் அடையாளம். கீலின் கணுக்கள் (குழாய்த் துண்டுகள்) மூடிக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என்று மாறி மாறி வரும். மொத்தம் ஒற்றைப்படை, இரு முனையும் ஒரே பாகத்தைச் சேரும். நடுவில் ஓடும் கம்பியின் இரு முனையையும் வெள்ளித் துண்டால் அடைத்து அரம் போட்டுச் சமமாக்கியிருப்பார்கள்.

மூடியை 90 பாகையில் நிறுத்தி, இரு ஓரத்தையும் பிடித்து மிக லேசாகத் திருகுங்கள். ஆட்டம் இருந்தால் கம்பி தேய்ந்திருக்கிறது. அது எளிய பழுது. ஆட்டம் இல்லாமல் மூடி மட்டும் ஒரு பக்கம் ஏறி உட்கார்ந்தால் மூடி முறுகியிருக்கிறது, அது கடினம். உள்ளே சிறு விளக்கை வைத்து மூடிவிட்டு, ஒளி கசிகிறதா என்று இருட்டில் பாருங்கள். பொடியின் ஈரம் காக்கச் செய்த டப்பா இது. அசல் நிலையில் மூடும்போது ஒரு மெல்லிய 'டப்' கேட்கும்.

ஈயப் பற்றாசுதான் பெரிய எதிரி. சாம்பல் நிறம், நகத்தால் கீறினால் பதியும். கீலோரத்தில் சளி போல வழிந்திருக்கும். அவசரக்காரர் போட்ட மலிவு ஒட்டு. அதன்மேல் வெள்ளிப் பற்றாசு போடலாம் என்று சூடேற்றினால் ஈயம் வெள்ளியைத் தின்று ஓட்டை போட்டுவிடும். ஈயத்தைக் கடைசித் துகள் வரை சுரண்டி எடுத்த பிறகே நெருப்பு. வெள்ளிப் பற்றாசு பெரும்பாலும் 700 பாகை செல்சியஸை ஒட்டியோ அதற்கு மேலோதான் உருகும், ஸ்டெர்லிங் 893இல் முழுதாக உருகிவிடும். இடையில் இருக்கும் சொற்ப இடைவெளியில் 0.7 மி.மீ. தகட்டில் வேலை செய்ய வேண்டும். இப்போது லேசர் வெல்டிங்கில் சூடு ஒரு புள்ளியோடு நின்றுவிடுகிறது. கீலுக்கு அதுவே மேல்.

பிப்ரவரி 12

முலாம் பற்றிச் சுருக்கமாக. உள்ளே தங்க முலாம் அழகுக்கு மட்டும் இல்லை. பொடியில் ஈரமும் உப்பும் உண்டு, வெறும் வெள்ளி கறுத்துக் குழி விழும். பழைய முலாம் பாதரசத்தில் தங்கத்தைக் குழைத்துப் பூசிச் சூட்டில் பாதரசத்தை ஓட்டிச் செய்தது. மின்முலாம் 1840இல் எல்கிங்டன் காப்புரிமைக்குப் பிறகு பரவியது. பழைய முலாம் விரல் படும் ஓரங்களில் தேய்ந்து வெள்ளி எட்டிப் பார்க்கும். 1838 டப்பாவில் மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீராகப் பளபளவென்று மஞ்சள் அடித்தால் ஏன் என்று கேளுங்கள். நெருப்பு வைத்துப் பழுது பார்த்தால் பழைய முலாம் கெடும், அதை மறைக்கப் புது முலாம் வரும். முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் முலாம் தடித்து நிரம்பியிருந்தால் அது பின்னாளில் பூசியது.

பிப்ரவரி 13

பேச்சு வந்ததால் பக்கத்து டப்பாக்கள்.

வினிகிரெட்: மணமேற்றிய காடியில் நனைத்த கடற்பஞ்சு வைக்கும் சிறு டப்பா, பெரும்பாலும் 3, 4 செ.மீ. உள்ளே துளையிட்ட வலைத்தகடு, அதற்குத் தனிக் கீல். வலை தொலைந்ததைப் பொடி டப்பா என்று விற்பார்கள். உள்சுவரில் அறுத்த கீலின் மிச்சமோ, அடைத்த துளையோ இருக்கும். புகையிலை டப்பா: 17ஆம் நூற்றாண்டுக் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த முட்டை வடிவம், கீல் இல்லாத கழற்று மூடி. கீல் இல்லையே என்று குறைசொல்லி ஒதுக்காதீர்கள்.

கோட்டை மூடிகளில் வின்ட்சர், வார்விக், கெனில்வொர்த், வால்டர் ஸ்காட் வாழ்ந்த அபட்ஸ்ஃபர்ட் ஆகியவை அதிகம் கண்ணில் படும். வெறும் மூடியில் கோட்டைத் தகட்டை ஒட்டி விற்கும் மோசடி உண்டு. மூச்சுச் சோதனை உதவும் இடம் இதுதான். முத்திரை பெற்ற பொருளில் சோதனைச் சாலையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இப்படிப் புதிதாகச் சேர்ப்பது பிரிட்டனின் 1973 ஹால்மார்க் சட்டப்படி குற்றம்.

18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு முத்திரை போலத் தோன்றும் குட்டிக் குட்டிக் குறிகளோடு காதல் காட்சி டப்பா வந்தால் ஜெர்மனியின் ஹானாவ் நகரை நினையுங்கள். 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பழைய பாணியில் அங்கே ஏராளமாகச் செய்தார்கள். பக்கத்தில் 'எஃப்' என்று ஓர் எழுத்து இருந்தால் அது 1867 முதல் பிரிட்டனில் இறக்குமதி வெள்ளிக்கு அடித்தது.

ரஷ்ய நியல்லோ (வெள்ளியில் பதித்த கறுப்புக் கோலம்) டப்பாக்களில் 84 என்ற எண் 96க்கு 84 பங்கு, அதாவது 875. ஸ்டெர்லிங் இல்லையே என்று தட்டிக் கழிக்காதீர்கள், அதுதான் அவர்களுடைய மாற்று. கறுப்புக் கோலம் வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றின் சல்ஃபைடு. கறுப்பு நீக்கும் எந்த திரவமும் அதையும் சேர்த்தே அரிக்கும்.

மூடியில் ஆமை ஓடு பதித்திருந்தால் எல்லை தாண்டி அனுப்பும் முன் காகிதம் கேட்பார்கள். அழுங்காமை அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது.

பிப்ரவரி 14 (கேட்டவர்)

விற்பவர் டப்பாவை வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கிப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்கிறார். அடர்த்தி பார்க்கத் தண்ணீரில் தொங்கவிடலாமா?

பிப்ரவரி 14

முக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லுங்கள். அந்த திரவம் அமிலமும் தயோயூரியாவும். வெட்டுக் கோடுகளுக்குள் தங்கிய கருமைதான் எழுத்தையும் வரியையும் படிக்க வைக்கிறது. அது போய்விட்டால் எழுத்து வயது பார்க்கும் பாதிச் சாட்சி போய்விடும். கீலுக்குள் புகுந்த திரவத்தைக் கழுவி எடுக்கவும் முடியாது.

அடர்த்தி பார்க்கலாம். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துச் சுழியாக்குங்கள். டப்பாவைத் திறந்து, மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காற்றில் எடுத்த எடையை வகுத்தால் அடர்த்தி. 81.3 கிராம் டப்பாவுக்குத் தராசு 7.85 அளவில் காட்டினால் 10.36, ஸ்டெர்லிங். ஜெர்மன் சில்வர் (வெள்ளியே இல்லாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) 8.7 அளவில்தான் வரும். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு சேர்த்தால் காற்றுக் குமிழ் ஒட்டாது.

பிப்ரவரி 15 (திருத்தம்)

நேற்றைய முறை உங்கள் டப்பாவுக்குப் பொருந்தும், எல்லா டப்பாவுக்கும் பொருந்தாது. அச்சில் அடித்து உள்ளே இன்னொரு தகடு வைத்த மூடியில் இடையே காற்று அடைபட்டிருக்கும். அடர்த்தி குறைத்துக் காட்டும், அசல் வெள்ளியைப் போலி என்பீர்கள். கீலில் எஃகுக் கம்பி இருந்தால் துருப்பிடிக்கும். காந்தத்தை முதலில் கீலருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஓடு, கொம்பு, மரம் பதித்ததைத் தண்ணீரில் போடவே கூடாது. போட்ட டப்பாவை வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) அலசி, ஆல்கஹாலில் ஒரு முறை அலசி, குளிர்காற்றில் கீல் திறந்தபடி உலர்த்துங்கள்.

பிப்ரவரி 17 (கேட்டவர்)

அளந்துவிட்டேன். அடர்த்தி 10.35. மூடியின் ஓரங்களில் முகட்டு அளவு 0.70 முதல் 0.73 மி.மீ. சட்டத்தின் நடுவில் 0.46. அளவுகோலை நிறுத்தினால் பிறை ஒளி தெரிகிறது. மூச்சில் கோடு எதுவும் இல்லை. சட்டத்துக்குள் மட்டும் சாம்பல் தீவு இரண்டு. எழுத்தின் கரை விரலைப் பிடிக்கவில்லை, கீறல்கள் கரையை மழுக்கிக்கொண்டுதான் போகின்றன. கீலில் ஈயம் இல்லை, ஆட்டம் இல்லை. வாசகத்தில் 1836 நிகழ்ச்சியோடு நிற்கிறது, கொடுத்ததோடு இல்லை.

பிப்ரவரி 17, இரவு

இவ்வளவு துல்லியமாக அளந்ததற்கு நன்றி. இனி ஊகம் தேவையில்லை.

நடுவில் கால் மில்லிமீட்டர் போயிருக்கிறது. முதல் பெயர் ஒன்று இருந்தது, அதைச் சுரண்டினார்கள். அந்த இடத்தில் இப்போதைய வாசகம் வந்தது. ஆனால் அந்த வாசகமே தேய்ந்திருக்கிறது, கீறல்களைவிட மூத்தது. ஆகவே அண்மையில் ஏமாற்றுவதற்காக வெட்டியதில்லை. ஒருவர் டப்பா இன்னொருவர் கைக்குப் போய், 1836இல் நடந்த ஒன்றை நினைவுகூர்ந்து, டப்பா புழக்கத்தில் இருந்த காலத்திலேயே மறுபடி வெட்டப்பட்டது. போலி இல்லை. அதே சமயம் முதல் கைப் பெயரோடு இருக்கும் மில்ஸ் டப்பாவுக்கு ஈடாகவும் இதை வாங்கக் கூடாது. நல்ல கீல், ஒத்த முத்திரை, கூரான வரிகள், மறுவெட்டு வாசகம்: இந்த நிலைக்குரிய மதிப்புத்தான்.

வாங்கினால் ஒரு வேண்டுகோள். இந்த வாசகம் 'அசல் இல்லை' என்று இதையும் சுரண்டிச் சட்டத்தைச் சுத்தமாக்கச் சொல்லும் ஆலோசனை வரும். 0.46இல் இன்னொரு சுரண்டலுக்கு உலோகம் இல்லை. தகடு அலையாக நெளியும்.

பிப்ரவரி 19

வாங்கிவிட்டதாகச் சொன்னதால் பராமரிப்பு.

கீலில் காய்ந்த பொடியை ஊசியால் குத்தாதீர்கள். நுனி நசுக்கிய மூங்கில் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து இழுங்கள். கறுப்பு அதிகமான இடத்தில் மட்டும் மென்மையான சுண்ணப் பொடியை (வீழ்படிவாக எடுத்த கால்சியம் கார்பனேட்) வடிநீரில் குழைத்துப் பஞ்சுக் குச்சியால், வரியின் போக்கிலேயே. முலாம் உள்ள பக்கத்தைத் தேய்க்கவே வேண்டாம். அலுமினியத் தாளும் சோடா உப்பும் வைக்கும் முறை வெள்ளியை எடுக்காது என்பது உண்மை, ஆனால் கோட்டுக்குள் இருக்கும் கருமையையும் சேர்த்து எடுத்துவிடும். வெட்டு வேலைக்கு அது நஷ்டம்.

கையுறை நைட்ரைல். லேடெக்ஸில் கந்தகம் உண்டு. ரப்பர் பேண்ட், கம்பளி, ஃபெல்ட், செய்தித்தாள், பி.வி.சி. உறை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. அமிலமில்லாத மெல்லிய காகிதத்தில் சுற்றி, கறுப்புத் தடுக்கும் துணிப்பையில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு. மூடியை இறுக்கி மூடி வைக்காமல் இடையில் ஒரு காகிதத் துண்டு வையுங்கள்.

பிப்ரவரி 20

பதிவு அட்டையில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இப்படி எழுதுங்கள்:

நீள்சதுரப் பொடி டப்பா, ஸ்டெர்லிங். என்.எம்., பர்மிங்காம், கோதிக் 'பி', 1838–39. அடியில் ஐந்து முத்திரை, மூடியில் மூன்று, ஆண்டு ஒத்தது. என்ஜின் டர்னிங். பெயர்ச்சட்டம் முன்பு சுரண்டப்பட்டது, நடுவில் 0.46, ஓரத்தில் 0.70–0.73 மி.மீ. இப்போதைய வாசகம் பழைய மறுவெட்டு, அதிலுள்ள 1836 நிகழ்ச்சியின் ஆண்டு. கீல் பழுதில்லை. எடை 81.3.

அட்டையின் பின்பக்கம் அந்த ஒன்பது கட்ட அளவையும் வரைந்து வையுங்கள். டப்பா அடுத்த கைக்குப் போகும்போது அட்டையும் கூடப் போகட்டும்.